போளை வந்த வழி

அரசர் முடிசூடிய ஆண்டுகளை மனனஞ் செய்து பரீட்சை எழுதியோர் நாம். கையில் உருண்ட போளைக்கும் ஒரு வரலாறு உண்டென்பதை எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்லவில்லை.

தமிழகத்தார் கோலி என்பதை யாழ்ப்பாணத்தார் போளை என்போம். பந்தைக் குறிக்கும் 'போலா' என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு இது என்பர். சிங்களத்தில் வழங்கும் 'போலய' என்பதும் அவ்வழி வந்ததே. 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர் போய்விட்டனர். கதிரையும் சப்பாத்தும் போலப் போளையும் நம் வாயில் தங்கிவிட்டது.

பெயர் அவருடையதாயின் ஆட்டமும் அவருடையதே என முடிவுகட்டுதல் பொருந்தாது. மொகஞ்சதாரோவில் சிறு கல்லுருண்டைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. எகிப்தின் நக்காடாவில், பிள்ளையொன்றின் புதைகுழியிலிருந்து பிளிண்டேர்ஸ் பீற்றி எடுத்த உருண்டைகள் ஐயாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்தவை. உரோமச் சிறுவர்க்குக் கொட்டைகளே போளை. பேரரசன் அகஸ்தஸ் சிறுவரோடு கூடிக் கொட்டை ஆடினான் என்று சுவெற்றோனியஸ் எழுதிவைத்தான். (அரசியலை ஒதுக்கிவைத்து அரசன் செய்த நற்செயல் இதுவொன்றேனும் ஆகுக!) இலத்தீனில் 'கொட்டைகளை விட்டான்' என்றால் பிள்ளைப் பருவம் நீங்கினான் என்பது பொருள்.

நம் ஆட்டம் நம்முடையது என்பதற்கு விரலே சான்று. ஆங்கிலச் சிறுவன் கைமுட்டியை நிலத்தில் ஊன்றிப் பெருவிரலாற் சுண்டுவான். இங்கிலாந்தின் ரின்ஸ்லி கிறீன் கிராமத்தில் 1932 இல் தொடங்கிய பெரிய வெள்ளிப் போட்டியில், ஆறடி வட்டத்துள் 49 போளைகளை வைத்து அவ்வாறே ஆடுவர். நம் சிறுவனோ இடக்கைப் பெருவிரலை நிலத்தில் ஊன்றி, நடுவிரல் நுனியிற் போளையை வைத்து, வலக்கை விரலால் அதனை வில்லெனப் பின்வளைத்து எய்வான். இந்தியச் சிறுவர் கையிலும் இம்முறையைக் காணலாம். போர்த்துக்கேயன் பெயரைத் தந்திருக்கலாம். விரலை வளைத்துக் காட்டியவன் அவனல்லன் என்பதே எமது துணிபு.

கண்ணாடிப் போளை பெருவழக்கானது மிகப் பிந்தியே. யேர்மனியில் லவுசா என்னும் மலையூரில் 1597 முதல் கண்ணாடித் தொழில் நடந்தது. அங்கு 1840களின் பிற்பகுதியில் எலியாஸ் கிறைனர் போளைக் கத்தரிக்கோலை ஆக்கினார். அதன் ஒரு முனையிற் சிறு கிண்ணம் இருக்கும். நிறநூல்கள் ஓடிய கண்ணாடிக் கோலை உருக்கி, அக்கிண்ணத்துள் இட்டுச் சுழற்றி உருட்டி வெட்டுவர். வெட்டிய இடத்தில் ஒரு தழும்பு எஞ்சும். 1872 இல் ஹைரம் கொட் என்னும் ஆங்கிலேயர் உரிமம் பெற்ற சோடாப் போத்தல் வேறொரு வழி திறந்தது. உள்ளிருக்கும் வாயு கழுத்திலுள்ள றப்பர் வளையத்தோடு போளையை அழுத்தி வாயை அடைக்கும். இந்தப் போளைக்காகவே போத்தலை உடைத்த சிறுவர் எத்தனை பேர்! பின்னர் அமெரிக்காவின் அக்கிறன் நகரில் மாட்டின் கிறிஸ்ரென்சன் போளை உருட்டும் பொறிக்கு 1905 இல் உரிமம் பெற்றார். 1914 இல் மூண்ட போரால் யேர்மன் போளை வரவு தடைப்பட, அமெரிக்கப் பொறிகள் சந்தையைப் பிடித்தன.

பொறிப் போளையில் தழும்பு இல்லை. ஆகவே இன்று போளை சேகரிக்கும் பெரியோர், உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு அத்தழும்பைத் தேடுகின்றனர். அது கைவேலைக்குச் சாட்சி. சிறுவனின் சேகரிப்பு வேறு வகை. அவன் காற்சட்டைப் பையிற் குலுங்கிய ஒவ்வொரு போளையும் மற்றொருவனிடம் வென்றது. மறுநாள் தோற்கவும் கூடியது. நாம் அச்சேகரிப்பையே உயர்வாகக் கருதுகிறோம். பெரியோரின் போளைகள் பஞ்சுப் பெட்டியில் உறங்குகின்றன. ஒன்றோடொன்று மோதினாற் பிறை வடிவில் வெடிப்பு விழுமாம், விலை குறையுமாம்.