ஒரு வகுத்தலின் வரலாறு

பள்ளி நாள்களில் நாம் எல்லோரும் போட்ட கணக்குதான் அது. இஸ்திரிப்பெட்டி ஒன்று 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் மின்தடை என்ன, மின்திறன் என்ன? அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தோம், 46 ஓம். இரண்டையும் பெருக்கினோம், 1150 வாட். விடைக்கு அடியில் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனோம். அந்த வகுத்தலைக் கண்டடைந்தவரும் நமக்குப் பாடம் சொன்னவரைப் போல ஒரு பள்ளி ஆசிரியர்தான் என்பதை அன்று நாம் அறிந்திருக்கவில்லை.

வகுப்பதற்கு முதலில் இரண்டு எண்கள் வேண்டும். நெடுங்காலம் அந்த எண்களே இல்லை. 1781ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ், உப்புக் கரைசல் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, தம் உடலில் உணர்ந்த அதிர்ச்சியையே அளவுகோலாகக் கொண்டு அவற்றை ஒப்பிட்டார். மெய்யே கருவியாக இருந்த காலம். அவர் உண்மைக்கு மிக அருகில் வந்திருந்தார். ஆனால் அதை வெளியிடவில்லை. அவருடைய குறிப்பேடுகளை மாக்ஸ்வெல் பதிப்பித்தபோது ஆண்டு 1879. அதற்குள் வேறொருவர் அதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்திருந்தார்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பிறந்தவர். தந்தை பூட்டுத் தொழிலாளி. தாமே படித்துத் தேர்ந்த கணிதத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தவர். ஓம் 1817இல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே நல்லதோர் ஆய்வுக்கூடம் இருந்தது. 1820இல், மின்னோட்டம் பாயும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று ஓர்ஸ்டெட் காட்டினார். அதன்பின் மின்னோட்டத்தை அளக்க உடல் தேவைப்படவில்லை, ஊசி போதும்.

ஓம் கேட்ட கேள்வி எளியது: கம்பி நீள நீள ஓட்டம் எந்த விதிப்படி குறைகிறது? 1825இல் அவர் வெளியிட்ட முதல் விடை தவறானது. பிழை கணக்கில் இல்லை, மின்கலத்தில் இருந்தது. அன்றைய மின்கலங்கள் சுற்றை மூடியதும் வேகமாகப் பாய்ந்து, பின் தளர்ந்துபோகும். தளும்பும் நீரில் ஆழம் பார்ப்பது போன்ற வேலை. அப்போது போகன்டார்ஃப் என்ற பத்திரிகையாசிரியர், சீபெக் கண்டறிந்திருந்த வெப்பமின் இணையைப் பயன்படுத்திப் பார்க்கும்படி ஆலோசனை கூறினார்.

ஓம் அதை ஏற்றார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரண்டு சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநிலையும் உறைநிலையும் மாறாதவை. எனவே மின்விசையும் மாறாது நின்றது. 1826 சனவரியில், 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரையான எட்டுச் செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து ஊசியின் விலகலை அளந்தார். மின்விசையைச் சுற்றின் மொத்தத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைத்தது. மொத்தத் தடை என்பது கம்பியின் தடையும் கருவியின் சொந்தத் தடையும் சேர்ந்தது. தாம் முந்தைய ஆண்டு அச்சேற்றிய சமன்பாட்டைத் தாமே மாற்றி எழுதினார். இந்த வரலாற்றில் நாம் பெரிதாக மதிக்கும் கணம் இதுவே.

அரைச் சம்பள விடுப்பில் பெர்லின் சென்று, வெப்பம் பரவுவதைப் பற்றிய ஃபூரியேயின் கணிதத்தைத் துணைகொண்டு 1827இல் மின்சுற்றைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். வெப்பநிலை வேறுபாடு வெப்பத்தைச் செலுத்துவதுபோல, அழுத்த வேறுபாடு மின்சாரத்தைச் செலுத்துகிறது என்பது அதன் அடிப்படை. ஃபெக்னர் போன்ற சிலர் அதன் மதிப்பை உணர்ந்தனர். ஆனால் அவர் நாடிய பல்கலைக்கழகப் பதவி வரவில்லை. ஹெகலின் தத்துவம் கோலோச்சிய பெர்லினில் அந்நூல் கடுமையான மதிப்புரையைச் சந்தித்தது. 1828இல் கொலோன் பணியிலிருந்து விலகிய ஓம், 1833இல் நியூரம்பெர்கில் ஆசிரியப் பணி கிடைக்கும்வரை எளிய வேலைகளில் காலம் கழித்தார். 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்தது. பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் பதவி 1852இல், மியூனிக்கில் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1854இல், அவர் மறைந்தார்.

நம் கணக்கின் இரண்டாம் பாதி வேறொருவருடையது. மான்செஸ்டர் அருகே சால்ஃபோர்டில் மது வடிப்பாலை நடத்திய குடும்பத்தின் இளைஞர் ஜேம்ஸ் ஜூல், மின்னோட்டம் கம்பியில் உண்டாக்கும் வெப்பத்தை அளந்தார். அவ்வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் தடைக்கும் ஏற்ப அமைகிறது என்று கண்டு 1841இல் கட்டுரையாக வெளியிட்டார். நம் இஸ்திரிப்பெட்டியில் சோதிப்போம்: 5ஐ 5ஆல் பெருக்கி, 46ஆல் பெருக்கினால் 1150. அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கி வந்த அதே எண். இருவரின் தனித்தனி உழைப்பு ஒரே விடையில் கைகுலுக்குகிறது.

1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு, தடையின் அலகுக்கு ஓமின் பெயரை ஏற்றது. மறுஆண்டு, திறனின் அலகுக்கு ஜேம்ஸ் வாட்டின் பெயரை வில்லியம் சீமன்ஸ் முன்மொழிந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஓமுக்கு நியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம். அவருடைய விதி எல்லாப் பொருளுக்கும் எந்நிலையிலும் பொருந்துவதன்று. 230 வோல்ட், 60 வாட் குண்டுபல்பு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 880 ஓம். அணைத்து ஆறவிட்டு அளந்தால் அதில் பத்திலொரு பங்குகூட இராது. சூடு மாறினால் தடையும் மாறும். கொதிநீரையும் பனிக்கட்டியையும் அருகருகே வைத்துக்கொண்டு, அவை இரண்டும் நிலைத்து நிற்கும்வரை அந்த ஆசிரியர் காத்திருந்ததன் பொருள், வகுத்தல் கற்றுப் பல ஆண்டுகள் கழிந்தபின்னரே நமக்கு விளங்குகிறது.