யாருக்காக யார் காத்திருக்கணும்? பில்டு நேரத்தின் ஐம்பது வருடக் கதை

நான்கு கோரில் நாற்பது நிமிடம் ஓடும் பில்டு, எட்டு கோரில் இருபது நிமிடத்தில் முடியும். பதினாறு கோர் வாங்கினால் பத்து நிமிடம். மெஷின் வாங்கும்போது நம்மில் பலரும் போடும் மனக்கணக்கு இதுதான். நடைமுறையில் இது பெரும்பாலும் பலிப்பதில்லை. காரணத்தைத் தேடி எழுபதுகளில் இருந்து வந்த கதையைக் கொஞ்ச நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். படித்ததைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன்.

முதலில் எங்க பக்கத்து உதாரணம் ஒன்று. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். பத்து, இருபது தறி ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் தனித்தனித் துணி. ஒரு தறி நின்றால் பக்கத்துத் தறி நிற்காது. ஆனால் எல்லாத் தறிக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கு. நூலைப் பாவாக ஓட்டி, சைசிங்கில் கஞ்சி போட்டு, பீமில் சுற்றிக் கொண்டுவரணும். அப்புறம் பாவு பிணைக்கணும். அதுவரைக்கும் தறி சும்மாதான் நிற்கும். புதிதாகப் பத்துத் தறி வாங்கிப் போட்டாலும் சைசிங் ஆகிற நேரம் குறையாது.

பில்டும் இதே மாதிரிதான். ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலும் ஒரு தறி. மற்ற ஃபைல்களுக்குத் தேவையான ஹெடர்களை ஏதாவது ஒரு புரோகிராம் உருவாக்கித் தரணும் என்றால் அது சைசிங். எல்லாம் முடிந்த பிறகு லிங்கர் வந்து ஒட்டுவது, துணிகளை எல்லாம் சேர்த்து ஒரே பேலாகக் கட்டுவது.

இதைக் கணக்காகச் சொன்னவர் ஜீன் ஆம்டால். 1967-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த கணினி மாநாட்டில் அவர் வைத்த வாதம்தான் பிறகு ஆம்டால் விதி என்று பெயர் பெற்றது. நூறு நிமிட பில்டில் பத்து நிமிட வேலையைப் பிரிக்கவே முடியாது என்று வைத்துக்கொள்வோம். நான்கு கோரில் 32.5 நிமிடம் ஆகும். பதினாறு கோரில் 15.6 நிமிடம். அறுபத்து நான்கு கோர் போட்டாலும் 11.4 நிமிடம். ஆயிரம் கோர் போட்டாலும் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கீழே போகாது.

சரி, எந்த வேலையைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்க முடியாது என்று மெஷினுக்கு யார் சொல்வது? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' கருவியை எழுதினார். வேகத்துக்காக அல்ல. யாக் கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் அவர் அறைக்குள் கோபமாக வந்தார். புரோகிராமில் இருந்த பிழையை ஏற்கெனவே திருத்திவிட்டார், ஆனால் அந்த ஃபைலை மறுபடி கம்பைல் செய்யவில்லை. இது தெரியாமல் சரியான புரோகிராமில் ஒரு காலை முழுக்கப் பிழை தேடியிருக்கிறார். முந்தின நாள் மாலை ஃபெல்ட்மனும் இதே தொல்லையில் மாட்டியிருந்தார். அந்த வார இறுதியிலேயே மேக் பிறந்துவிட்டது. எந்த ஃபைல் எதை நம்பியிருக்கு என்று நாம் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால், மாறியதை மட்டும் அது மறுபடி கம்பைல் செய்யும். மறதிக்கு மருந்தாக வந்த கருவி, அவ்வளவுதான்.

பத்து வருடம் கழித்து அதே பட்டியலுக்கு இன்னொரு பயன் கிடைத்தது. எது எதை நம்பியிருக்கு என்று தெரிந்தால், எது எதை நம்பியில்லை என்பதும் தெரிந்துவிடும். ஒன்றையொன்று நம்பாத வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம். எண்பதுகளின் இறுதியில் பெர்க்லியில் ஸ்ப்ரைட் இயங்குதளத்துக்காக ஆடம் டி போர் எழுதிய பிமேக், வேலைகளைப் பல மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. இன்று நாம் மேக் கட்டளையோடு 'ஜே' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு எண் கொடுக்கிறோமே, அதுவும் இதே யோசனைதான்.

ஆனால் மனிதர்கள் எழுதும் பட்டியலில் ஓட்டை இருக்கும். ஒவ்வொன்றாக ஓடும்போது அந்த ஓட்டை தெரியாது. வரிசையில் முன்னால் இருப்பது தற்செயலாக முன்னாலேயே முடிந்துவிடும். எட்டு வேலையை ஒன்றாக ஓட்டினால்தான் வண்டவாளம் வெளியே வரும். இன்னும் உருவாகாத ஹெடரைத் தேடி ஒரு ஃபைல் தடுக்கி விழும். மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். 1998-ல் பீட்டர் மில்லர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிரபலமானது. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனித்தனி மேக் வைத்தால் முழுப் படம் எந்த மேக்குக்கும் தெரியாது என்பது அவர் வாதம். படம் தெரியாததால் சில நேரம் தேவையில்லாமல் காத்திருக்கும், சில நேரம் காத்திருக்க வேண்டிய இடத்தில் காத்திருக்காது.

இதுவரை சொன்னது பல தறியில் பல துணி. ஒரே துணியை இரண்டு தறியில் நெய்ய முடியுமா? அதாவது ஒரு ஃபைலையே பல த்ரெட்டாகப் பிரித்துக் கம்பைல் செய்ய முடியுமா? டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சேஷாத்ரி, வொர்ட்மன் உள்ளிட்ட குழு மாடுலா-2 மொழிக்கு இதைச் செய்து பார்த்தது. 1988-ல் வந்த அவர்கள் கட்டுரையில் ஒரு அழகான பிரச்சினை வருகிறது. ஒரு த்ரெட் ஒரு பெயரைத் தேடுகிறது, அட்டவணையில் காணோம். அந்தப் பெயர் உண்மையிலேயே இல்லையா? இல்லை, இன்னொரு த்ரெட் அதை இன்னும் எழுதி முடிக்கவில்லையா? 'இல்லை' வேறு, 'இன்னும் தெரியாது' வேறு. ஒரே த்ரெட் இருந்தவரை இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. முழு அட்டவணையும் நிரம்பும் வரை காத்திருந்தால் விடை சரியாக இருக்கும், வேகம் போய்விடும். அந்த ஒரு பெயருக்கு மட்டும் காத்திருந்தால் வேகம் கிடைக்கும், கம்பைலர் சிக்கலாகிவிடும்.

2005-ல் இரட்டைக் கோர் பிராசஸர்கள் சாதாரண மேசைக் கணினிக்கு வந்த பிறகு இது எல்லோர் பிரச்சினையும் ஆனது. ஆனாலும் ஏற்கெனவே ஒரு த்ரெட்டுக்கென எழுதிய கம்பைலரை மாற்றுவது லேசான காரியம் இல்லை. ரஸ்ட் கம்பைலர் மெஷின் கோடு உருவாக்கும் பின்பகுதியை ரொம்ப நாளாகவே பிரித்து ஓட்டுகிறது. நிரலை வாசித்து வகை சரிபார்க்கும் முன்பகுதி பல த்ரெட்டில் ஓடும் வசதி, சோதனைக்கான நைட்லி பதிப்பில் 2023 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. நேரம் 50 சதவீதம் வரை குறையலாம் என்றார்கள். கூடவே மெமரி 35 சதவீதம் வரை கூடியதையும் சொன்னார்கள். இன்னொரு விலையும் உண்டு. ஒரு நிரலைத் துண்டு போட்டு இணையாகக் கம்பைல் செய்தால், துண்டுகளைத் தாண்டிச் செய்யக்கூடிய மேம்படுத்தல்கள் சில தவறிப்போகும். பில்டு வேகமாகும், புரோகிராம் சற்று மெதுவாகலாம்.

லிங்கர் கதையும் இதேதான். கடைசியில் ஒற்றை ஆளாக நின்ற அந்த வேலையை ருயி உயேயாமாவின் 'மோல்ட்' லிங்கர் எல்லாக் கோருக்கும் பிரித்துக் கொடுத்தது. அதன் 1.0 பதிப்பு 2021 டிசம்பரில் வந்தது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு? சேலம், நாமக்கல் பக்கம் நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறு மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு பெரிய மெஷின் என்பது ஒருவருடைய சில மாதச் சம்பளம். எட்டு ஜிபி மெமரி லேப்டாப்பில் படிக்கும் மாணவருக்கு அந்த வழியே கிடையாது. ஒவ்வொரு கம்பைல் வேலையும் தனக்கென்று மெமரி எடுக்கும். மெமரி தீர்ந்து டிஸ்க்குக்குப் போக ஆரம்பித்தால், எட்டு வேலையை ஒன்றாக ஓட்டுவது நான்கை ஓட்டுவதைவிட மெதுவாகவே முடியும்.

அதனால் காசு எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். அதே பில்டை ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று எண்ணை மாற்றி ஓட்டி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். எந்த எண்ணுக்கு மேல் நேரம் குறையவில்லை என்று பாருங்கள். கோர்கள் சும்மா நிற்கும் அந்த நேரத்தில் எந்த வேலை ஒற்றையாக ஓடிக்கொண்டிருக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் எல்லோரும் இன்க்ளூட் செய்யும் ஒரு பெரிய ஹெடரோ, தேவையில்லாத ஒரு சார்போ, கடைசி லிங்க்கோ அகப்படும். அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆகலாம். ஆனால் சைசிங்கில் பீம் தேங்கி நிற்கிற வரைக்கும் புதுத் தறி வாங்கிப் பிரயோஜனம் இல்லை.