சிவப்பணுவின் வாயில்

மலேரியாக் காய்ச்சலை விளைவிக்கும் கிருமி நம் இரத்தச் சிவப்பணுவின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறதா, அன்றி அதனுள்ளே குடிபுகுந்து வாழ்கிறதா? உள்ளே வாழ்கிறதெனில், எவ்வாறு நுழைகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண விஞ்ஞானிகள் கடந்துவந்த நெடுவழியைப் பற்றி மாணவ நண்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

1880-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகர இராணுவ மருத்துவமனையில், அல்போன்ஸ் லவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் காய்ச்சல் கண்ட போர்வீரர் ஒருவரின் இரத்தத்தில் அசையும் உயிர்களைக் கண்டார். அவை சிவப்பணுக்களின் மேற்புறத்தில் ஒட்டிக் கிடப்பதாகவே அவர் முதலில் கருதினார். இத்தாலிய அறிஞர்களான மார்க்கியஃபாவாவும் செல்லியும், அவை அணுவின் உள்ளேயே உள்ளன என்றனர். இவர்கள் கூற்றே நிலைத்தது. 1897-இல் ரொனால்டு ராஸ், செகந்தராபாத்தில், கொசுவின் இரைப்பைச் சுவரில் இக்கிருமியைக் கண்டார். நோய் பரவும் வழி புலப்படலாயிற்று. ஆயினும் கிருமி அணுவினுள் நுழையும் வழி மறைபொருளாகவே இருந்தது.

இங்கே ஒரு புதிர் உண்டு. வெள்ளணுக்களுட் சில அயற்பொருளை விழுங்க வல்லவை. சிவப்பணுவுக்கோ அவ்வாற்றல் இல்லை. வீட்டார் கதவைத் திறந்துவிடவில்லை. வந்தவரே திறந்துகொண்டு நுழைந்திருக்கவேண்டும்.

1932-இல் கல்கத்தாவில் நோல்ஸ், தாஸ் குப்தா என்னும் இருவர், குரங்கினிடம் காணப்பட்ட ஒரு மலேரியாக் கிருமி மனிதரையும் பற்றும் எனக் காட்டினர். 'பிளாஸ்மோடியம் நோலெசி' எனப் பெயர்பெற்ற அக்கிருமியே புதிரை அவிழ்க்கத் துணைபுரிந்தது. 1975-இல் அமெரிக்காவில் டுவோராக், மில்லர் ஆகியோரும் அவர்தம் துணைவரும் அது அணுவினுள் புகும் காட்சியை உயிரோடு படம்பிடித்தனர். கிருமி முதலில் எப்பக்கமாயினும் அணுவின்மேல் ஒட்டுகிறது. அணுவின் மேற்பரப்பு நெளிகிறது. பின் கிருமி திரும்பித் தன் கூரிய முனையை அணுவின்மேல் பொருத்துகிறது. ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் உட்புகுந்துவிடுகிறது. நுழையும் இடத்தில் இரண்டும் இறுகப் பிணைந்த வளையம் ஒன்று தோன்றி, கிருமியின் முனையிலிருந்து பின்புறம் நோக்கி நகர்வதை 1978-இல் ஐக்காவாவும் பிறரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் விளக்கினர். கிருமி தன் இயக்க விசையாலேயே உட்செல்கிறது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

அதே 1975-இல் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. 'டஃபி' என்னும் இரத்தவகைப் பொருள் இல்லாத அணுக்களிலும் அக்கிருமி ஒட்டியது. ஆனால் உள்ளே புகவில்லை. எனவே ஒட்டுதல் வேறு, உட்புகுதல் வேறு. அவ்வணுக்களில் பூட்டு இல்லை. ஆகவே சாவியும் பயன்படவில்லை. மேற்கு ஆப்பிரிக்க மக்களுட் பெரும்பாலோர்க்கு டஃபிப் பொருள் இல்லை. அவர்களை வைவாக்ஸ் மலேரியா எளிதில் பற்றாமைக்கு இதுவே காரணமென்பது 1976-இல் விளங்கிற்று. ஆயினும் இதனை முடிந்த முடிபெனக் கொள்ளற்க. 2010-இல் மடகாஸ்கர்த் தீவில், டஃபி இல்லாதோரிடமும் வைவாக்ஸ் தொற்று இருப்பதாக அறிவிக்கப்பட்டது. கிருமி வேறு வாயிலும் தேடிக்கொள்ளும் போலும்!

கொடிய ஃபால்சிபாரம் கிருமிக்கு உரிய சாவிகளுள் இன்றியமையாததொன்று 2011-இல் அறியப்பட்டது. கிருமியின் 'ஆர்எச்5' என்னும் புரதம் சிவப்பணுவின் 'பேசிஜின்' என்னும் புரதத்தைப் பற்றுகிறது. அந்தப் பிடியைத் தடுக்கும் தடுப்பூசிகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டுள்ளன.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஆறு இலட்சம் பேர்க்கு மேல் மலேரியாவால் மாண்டனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அவர்களுட் பெரும்பாலோர் ஐந்து வயதிற்குட்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகள். லவரான் கிருமியைக் கண்ட நாளிலிருந்து அது நுழையும் காட்சியைக் காண 95 ஆண்டுகள் ஆயின. ஒரு நிமிடத்துக்குள் முடியும் அச்செயலைத் தடுக்கும் பணி இன்னும் முடியவில்லை. அதனைத் தொடர்வோர் உங்களுள்ளும் இருப்பீர்கள் என நம்புகிறேன்.