பால் பெர்ட் சொன்ன மருந்து

ஸ்கூபா டைவிங் போறவங்ககிட்ட ஒரு பாலபாடம் உண்டு. மேல வந்த பிறகு தோள்பட்டை வலிச்சாலோ, தோல்ல அரிப்பும் திட்டும் வந்தாலோ உடனே சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கணும். கேட்க எவ்வளவு சுலபமா இருக்கு! ஆனா இது வைத்தியமா நடைமுறைக்கு வர கிட்டத்தட்ட அறுபது வருஷம் ஆச்சு. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

முதல்ல வியாதி என்னன்னு பார்த்துடலாம். காத்துல 78 சதவீதம் நைட்ரஜன். ஆழத்துல அழுத்தம் அதிகம்ங்கறதால அது ரத்தத்துலயும் தசையிலயும் கூடுதலா கரையும். வேகமா மேல வந்தா, கோலி சோடாவைத் திறந்த மாதிரி குமிழி கிளம்பிடும். மூட்டுப் பக்கம்னா வலி. தண்டுவடத்துலன்னா கால் விளங்காமலே போகலாம்.

இதுல கூட்டம் கூட்டமா அடிபட்டது பாலம் கட்டின தொழிலாளிங்க. ஆத்துக்கு அடியில பெரிய பெட்டியை இறக்கி, தண்ணி உள்ள வராம அழுத்தக் காத்தை அடைச்சு, அதுக்குள்ள நின்னு மண்ணு தோண்டுவாங்க. நியூயார்க் புரூக்ளின் பாலத்தோட தலைமை இன்ஜினியர் வாஷிங்டன் ரோப்ளிங்கே 1872ல் இதுல முடங்கிப் போனார். மனைவி எமிலி மூலமா உத்தரவு அனுப்பித்தான் பாலத்தை முடிச்சார் (1883).

இதுக்கு நடுவுல 1878ல், பால் பெர்ட்ங்கற பிரெஞ்சு விஞ்ஞானி காத்தழுத்தம் பத்தி ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். நைட்ரஜன் குமிழிதான் வில்லன்னு சோதனை செஞ்சு காட்டினார். ஆக்சிஜன் கொடுத்தா பலன் உண்டுன்னும் சொன்னார். லாஜிக் எளிமையானது: நுரையீரல்ல நைட்ரஜனே இல்லைன்னா, குமிழியில இருக்கறது ரத்தம் வழியா சீக்கிரம் வெளியேறிடும்.

அப்புறம் ஏன் யாரும் செய்யலை? முக்கியமான ஒரு காரணம் அதே புத்தகத்துல இருக்கு. அதிக அழுத்தத்துல ஆக்சிஜனே விஷம், விலங்குகளுக்கு வலிப்பு வருதுன்னு கண்டுபிடிச்சதும் இவரேதான்! மருந்தையும் சொல்லி, பயத்தையும் சேர்த்தே கொடுத்துட்டுப் போயிட்டார் மனுஷன் :-)

அதனால வைத்தியம்னா திரும்ப அழுத்தத்துல வைக்கிறதுதான்னு ஆச்சு. 1890 வாக்கில், ஹட்சன் ஆத்து சுரங்க வேலையில எர்னஸ்ட் மோயர் அதுக்குன்னே ஒரு அறை வெச்சார், சாவு வெகுவா குறைஞ்சது. ஆனா உள்ள இருந்தது வெறும் காத்துதான். அமெரிக்கக் கடற்படை 1940கள்ல வெச்சிருந்த காத்து அட்டவணை ஒண்ணுல ஆளை ஒன்றரை நாளுக்கு மேல அடைச்சு வைக்கணும்!

1937ல்தான் அதே கடற்படையோட டாக்டர் பென்கியும், கூட ஷாவும் அழுத்த அறையில ஆக்சிஜன் கொடுத்து சிகிச்சை பண்றதைப் பத்தி எழுதினாங்க. 1965ல் குட்மேனும் வொர்க்மேனும் அதைச் செம்மைப்படுத்தினாங்க. 60 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தம், 20 நிமிஷம் ஆக்சிஜன், வலிப்பு வராம இருக்க 5 நிமிஷம் சாதா காத்து, திரும்ப ஆக்சிஜன். மொத்தமே அஞ்சு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். அதோட வாரிசுதான் இன்னிக்கும் புழங்குது.

சரி, அழுத்த அறையே பக்கத்துல இல்லாத தீவுல, லேசான வலி மட்டும் இருந்தா? 2004ல் சிட்னியில நிபுணர்கள் கூடி இதைப் பேசினாங்க. வலி, களைப்பு, தோல் திட்டுன்னு லேசான அறிகுறி மட்டும்னா, அது மோசமாகாம இருந்தா, டைவிங் டாக்டர் பரிசோதிச்சு நரம்புக் கோளாறு இல்லைன்னு சொன்னா, அழுத்த அறை இல்லாமலே ஆக்சிஜனோட சமாளிக்கலாம்னு முடிவு பண்ணாங்க.

இங்கதான் ஒரு ஆபத்து. ஆக்சிஜன் வெச்சதும் வலி குறையும். உடனே "சரியாயிடுச்சு"ன்னு மாஸ்க்கைக் கழட்டிட்டு மூட்டை கட்டிடறாங்க. குமிழி முழுசா போகாம வலி மட்டும் போயிருக்கலாம், பிறகு திரும்பவும் வரலாம். லேசானதான்னு முடிவு பண்ற உரிமை டாக்டருக்குத்தான், நம்ம தோள்பட்டைக்கு இல்ல.

பெர்ட் 1886ல் ஹனாயில இறந்தார். அவர் சொன்ன மருந்து இன்னிக்கு டைவிங் படகுல சிலிண்டரா உட்கார்ந்திருக்கு.

டிஸ்கி: இது சரித்திரப் பதிவு. வைத்தியத்துக்கு டாக்டரைப் பாருங்க, என்னை இல்ல!