திசு வாழையின் தரம் எங்கே உறுதியாகிறது?

திசு வளர்ப்பில் உருவான வாழைக்கன்று நோயற்றது என்ற நம்பிக்கை உழவரிடமும் நாற்றங்கால்காரரிடமும் வேரூன்றியுள்ளது. அதில் பாதியே உண்மை. திசு வளர்ப்பு ஒரு பெருக்க முறை. குடுவைக்குள் எது செல்கிறதோ அதையே அது பெருக்கும். எனவே கன்றின் தரத்தை முதன்மையாக உறுதிசெய்வது தாய் வாழையின் தேர்வும் வைரஸ் சோதனையும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. முறையின் வலிமை

தனித்த தாவரச் செல்லும் முழுத் தாவரமாக வளரக்கூடும் என்ற கருத்தை ஹேபர்லாண்ட் 1902இல் முன்வைத்தார். வேர் தோன்றுமா தண்டு தோன்றுமா என்பதை ஆக்சின், சைட்டோகைனின் ஆகியவற்றின் விகிதம் முடிவுசெய்வதை ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் திசுவில் 1957இல் காட்டினர். முராஷிகே, ஸ்கூக் 1962இல் வகுத்த ஊடகம் இன்றும் பயன்படுகிறது. பயிராகும் வாழை பெரும்பாலும் மும்மடியம், விதையற்றது. பக்கக்கன்று வழியே பெருகும்போது நூற்புழுவும் கிழங்குக் கூன்வண்டும் உடன் வருகின்றன. கிருமிநீக்கம் செய்த தண்டு நுனியிலிருந்து வளர்த்தால் இவை நீங்குகின்றன. ஜி-9 என்னும் கேவண்டிஷ் வாழை ரகம் பரவியதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு.

2. வைரஸ் எனும் விதிவிலக்கு

நோயுற்ற டாலியாவின் தண்டு நுனி ஆக்குத்திசுவிலிருந்து வைரஸ் அற்ற செடிகளை மோரெலும் மார்ட்டினும் 1952இல் பெற்றனர். கடத்துத் திசு இன்னும் உருவாகாத அந்த நுனியை வைரஸ் அரிதாகவே எட்டும். ஆனால் துண்டு சிறிதாகச் சிறிதாக அது பிழைப்பதும் அரிதாகும். ஆகவே வணிகக் கூடங்கள் சற்றுப் பெரிய தண்டு நுனியையே எடுக்கின்றன. அதனுடன் வைரஸும் குடுவைக்குள் நுழையலாம். வைரஸால் வரும் முடிக்கொத்து நோய் தொற்றிய வாழை தொடக்கத்தில் அறிகுறி காட்டாமலும் இருக்கும். கீழ்ப்பழனி மலைகளின் விருப்பாட்சி வாழையை இந்நோய் பெரிதும் அழித்தது. அங்கு மீட்புக்குச் சோதித்த கன்றுகள் மட்டும் போதா; நோயைப் பரப்பும் அசுவினியைக் கட்டுப்படுத்துவதும் நோயுற்ற மரங்களை அகற்றுவதும் உடன் வேண்டும்.

வாழைக் கீற்று வைரஸ் இன்னும் சிக்கலானது. மூசா பால்பிசியானா என்னும் வாழை இனத்தின் மரபுத்தொகுதியிலேயே அதன் வரிசைகள் பதிந்துள்ளன. திசு வளர்ப்பின் அழுத்தம் அவற்றை விழிக்கச் செய்யும் என்பது எஃப்.எச்.ஐ.ஏ.-21 கலப்பினத்தில் நிறுவப்பட்டது. நுனியை எவ்வளவு நுண்ணிதாக வெட்டினாலும் மரபுத்தொகுதியில் இருப்பது நீங்காது. ஜி-9 இந்த மரபுத்தொகுதி இல்லாத ரகம். பூவனில் அது உண்டு. ஒன்றில் பெற்ற வெற்றியை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது.

3. மரபு மாறுபாடு

திசு வளர்ப்பில் எழும் மாறுபாடுகளுக்கு லார்க்கினும் ஸ்கவ்கிராஃப்டும் 1981இல் ‘சோமாகுளோனல் மாறுபாடு’ என்று பெயரிட்டனர். கேவண்டிஷ் வாழையில் குட்டை மரங்கள் இதற்கு அடிக்கடி காணும் சான்று. புதிய ஊடகத்துக்கு மாற்றிப் பெருக்கும் மறுவளர்ப்புச் சுற்றுகள் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடுகிறது.

4. முடிவுரை

இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006இல் தொடங்கிய திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறை, வைரஸ் சோதனையையும் மரபுத் தூய்மையையும் அளவுகோலாகக் கொண்டது. சோதனை கன்றின் விலையை உயர்த்தும் என்ற மறுப்பு எழலாம். ஒரு தாய் வாழையிலிருந்து நூற்றுக்கணக்கான கன்றுகள் பெறப்படுவதால், தாய்க்கான சோதனைச் செலவு அத்தனை கன்றுகளுக்கும் பகிரப்படுகிறது. சோதிக்காத தாயின் குறையோ கன்றுக்குக் கன்று முழுமையாகச் சேர்கிறது. ஆகவே தாய் வாழையின் சோதனை முடிவும் மறுவளர்ப்புச் சுற்றுகளின் எண்ணிக்கையும் உழவர் பெறும் விற்பனைச் சீட்டிலேயே இடம்பெற வேண்டும்.