நெய்வேலித் திட்ட அறிக்கைக்கு முன்னும் பின்னும் (1949–1957)

நெய்வேலி எப்படி வந்தது என்று கேட்டால் நம் மேடைகளும் மலர்களும் சொல்லும் விடை ஒன்றுதான். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்புப் பொருள் வந்தது. டெல்லி பணமில்லை என்றது. காமராசர் விடாப்பிடியாக நின்று வாங்கிவந்தார். இந்த வாசிப்பைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது கிணற்றிலிருந்து ஒரே தாவலில் கடனுக்குப் போய்விடுகிறது. நடுவில் இருந்த வேலை, அதாவது மண்ணுக்குள் இருந்ததைக் கடன் கொடுப்பவர் நம்பும் கணக்காக மாற்றிய வேலை, கதையில் இடம்பெறவே இல்லை.

கண்டுபிடித்த ஆண்டிலேயே சிக்கல் தொடங்குகிறது. 1934 என்று ஒரு வழக்கு, 1935 என்று இன்னொன்று. இதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1884இல், பிரெஞ்சுப் புதுச்சேரியின் பாகூரில் ஊற்றுக் கிணற்றுக்காகத் துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டிருந்தது. ஆகவே 1934ஓ 1935ஓ, அது முதல் அறிதல் அல்ல. முதலியாரின் பங்கை இது குறைத்துவிடாது. அவர் 620 ஏக்கர் நிலம் கொடுத்தார் என்று சொல்லப்படுவது கண்டுபிடிப்பை விடப் பெரிய செய்தி. ஆனால் 1884க்கும் 1949க்கும் நடுவே அறிந்தவர்கள் இருந்தும் சுரங்கம் ஏன் இல்லை என்ற கேள்வியை வழக்கமான வாசிப்பு எழுப்புவதே இல்லை.

விடை 1949–51இல் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் முயற்சியில், நிலவியலாளர் எச். கே. கோஷ் தலைமையில் 175க்கும் மேற்பட்ட துளைகள் இடப்பட்டன. சுமார் 100 சதுர மைல் பரப்பில் 200 கோடி டன் இருக்கலாம் என்ற மதிப்பீடு அப்போதுதான் உருவானது. இன்று குறிஞ்சிப்பாடி வட்டத்தில் அடங்கும் நெய்வேலி நகரியம் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. வெளிநாட்டு உதவி வருவதற்கு முந்தைய கட்டம் இது.

இருப்பு தெரிந்தாலும் தண்ணீர் மிரட்டியது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர், மேல்மண்ணை அகற்றினால் குழியின் தரையைப் பெயர்த்துக்கொண்டு எழும். அழுத்தத்தை இறைத்துக் குறைக்க முடியும் என்று காட்டாதவரை, கடன் கொடுப்பவர் எவரும் இதைத் தொட்டிருக்க மாட்டார். அமெரிக்கத் தொழில்நுட்ப உதவியின் வழியே சுரங்க நிபுணர் பால் எய்ரிச் வந்து பார்த்தார். 1953இல் சோதனைச் சுரங்கம் வெட்டப்பட்டது. அப்போது முதலமைச்சர் ராஜாஜி. காமராசர் பதவியேற்றது 1954 ஏப்ரல் 13.

இனி அறிக்கை. 1954இல் காமன்வெல்த் உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின்கீழ் லண்டனின் பவல் டஃப்ரின் தொழில்நுட்பச் சேவை நிறுவனம் திட்ட அறிக்கை தயாரிக்க அமர்த்தப்பட்டது. ஆண்டை மட்டும் வைத்து, இது ஏப்ரலுக்கு முன்னா பின்னா என்று அடித்துச் சொல்ல முடியாது. என் வாதமும் அந்தத் தேதியை நம்பி நிற்கவில்லை. கவனிக்க வேண்டியது எழுதியவர் யார் என்பது. வேல்ஸ் நிலக்கரி முதலாளிகளில் பெரியவர்களான பவல் டஃப்ரின், 1947இல் பிரிட்டன் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியபோது தம் குழிகளை அரசிடம் இழந்தவர்கள். இழந்த கையோடு, அறிவை விற்கும் தொழிலில் இங்கே ஓர் அரசுச் சுரங்கத்துக்கே வரைபடம் போட்டார்கள்! பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில் வெட்டிப் பழகியவர்களோ ஜெர்மானியரும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தாரும். உதவி எந்த வாசல் வழியாக வந்ததோ அந்த வாசல்காரரே எழுதினார். சக்கரவாளி வெட்டு எந்திரங்கள் பின்னால் ஜெர்மனியிலிருந்துதான் வந்தன.

அந்த அறிக்கையின் எண்களில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஆண்டுக்கு 35 லட்சம் டன் வெட்டுதல். அதில் 15 லட்சம் டன் 250 மெகாவாட் மின்சாரத்துக்கு, 5 லட்சம் டன் 1,52,000 டன் யூரியாவுக்கு, மீதி 15 லட்சம் டன் 3,80,000 டன் கரிக்கட்டிக்கு (பின்னாளில் வீட்டு அடுப்புகளில் ‘லெக்கோ’ என்று எரிந்தது இதுவே). மின்சாரத்துக்கு ஒதுக்கிய அளவே அடுப்புக்கரிக்கும். சுரங்கத்தின் செலவை மூன்று ஆலைகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் உள்கணக்கு. ஒன்று தவறினாலும் மற்றவற்றின் நிலக்கரி விலை ஏறும்.

இங்கேதான் என் ஊகத்தை அழுத்திச் சொல்கிறேன். ஒரே உடலாகத் தயாரிக்கப்பட்ட இத்திட்டத்துக்குக் கடன் கொடுக்க ஒரே ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த கடன்களுக்கு ஏற்ப அது துண்டாடப்பட்டது. வரிசையைப் பாருங்கள். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14. நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தது 1957 மே 20. அனல்மின் நிலையத்தையும் உள்ளடக்கிய 50 கோடி ரூபிள் சோவியத் கடன், 2.5 சதவீத வட்டியில், 1957 நவம்பரில்தான் வந்தது. முக்கிய வாடிக்கையாளரான மின்நிலையத்துக்குப் பணம் உறுதியாகும் முன்பே மண் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அறிக்கை பிரிட்டன், மின்சாரம் சோவியத், சுரங்க எந்திரம் ஜெர்மனி. கடன் எளிதாகக் கிடைத்த உறுப்பு வளர்ந்தது: மின்நிலையம் 250இலிருந்து 600 மெகாவாட் ஆனது. யூரியா ஆலையும் கரிக்கட்டி ஆலையும் வளரவில்லை. இன்று இரண்டுமே இல்லை. சந்தை மாற்றமும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சந்தை மாறும் முன்பே உறுப்புகளின் விகிதம் மாறிவிட்டது.

அப்படியானால் காமராசரின் இடம் எது? தயாரிப்பு அல்ல, பொறுப்பு மாற்றம். மாநிலம் தன் செலவில் ஆரம்பித்ததை 1955–56இல் மத்திய அரசின் பொறுப்பாக்கியது அவர் காலத்தில் நடந்தது. நாட்டின் பெயரில் வாங்கும் கடன் மாகாணத் துறை ஒன்றுக்கு வந்திருக்காது. மத்திய அரசு நிறுவனம் என்ற சட்ட உருவம் அதற்குத் தேவைப்பட்டது. விடாப்பிடி என்று கதை சொல்வதை நான் இந்த அளவில் ஏற்கிறேன், அதற்கு மேல் இல்லை.

பவல் டஃப்ரின் அறிக்கையின் அந்த எண்கள் டன், மெகாவாட் என்று பேசுகின்றன. அவற்றில் ஏக்கர் இல்லை, இறைத்த ஊற்றுநீரும் இல்லை. 2023இல் நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காக வளையமாதேவி கிராமத்தில் விளைந்த வயலில் எந்திரம் இறங்கியபோது எழுந்த வழக்கு அந்த விடுபட்ட பகுதியின் வழக்கே. முதல் அனல்மின் நிலையம் 2020 செப்டம்பரோடு முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி அந்த அறிக்கையில் வணிக இரகசியம் எதுவும் இருக்க முடியாது. கோஷின் துளைப் பதிவுகளையும் பவல் டஃப்ரின் அறிக்கையையும் குறிஞ்சிப்பாடி விவசாயி படிக்கும்படி தமிழில் பதிப்பித்து வெளியிட நிறுவனமும் மாநில அரசும் முன்வர வேண்டும்.