எல்லாப் பொறிக்கும் ஏற்ற நிரல்

ஒருவர் உழைத்து எழுதிய நிரலை யாவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்று பொதுவில் வைப்பது பெருந்தன்மை. கணிப்பொறி உலகில் அதனைத் திறந்த மூல மென்பொருள் என்பர். ஆனால் மாணவர்களே, கொடுப்பவரிடம் மனம் இருந்தால் மட்டும் போதுமா? பெறுபவருடைய பொறியிலும் அது இயங்க வேண்டும் அல்லவா? ஒரே வகைப் பொறியில் மட்டும் ஓடும் நிரல், ஒரு வீட்டுக் கொல்லைக் கிணறு போன்றது. அதனை ஊருணியாக்கிய முயற்சிக்கு ஒரு வரலாறு உண்டு.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். முதலில் அது குறிப்பிட்ட ஒரு பொறிக்கே உரிய அசெம்பிளி மொழியில் எழுதப்பட்டது. பொறி மாறினால் எல்லாவற்றையும் மீண்டும் எழுத வேண்டும். 1973இல் ரிட்சி வகுத்த சி மொழியில் யூனிக்ஸின் பெரும்பகுதி புதிதாக எழுதப்பட்டது. சி மொழியிலுள்ள மூல நிரலை அந்தந்தப் பொறியின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். அது கிடைத்தபின் இனித் தடையில்லை என்றே எவருக்கும் தோன்றும்.

அனுபவமோ வேறு பாடம் புகட்டியது. 1977ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல் ஆய்வுக்கூடத்தாரும், ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தாரும், தனித்தனியே யூனிக்ஸை இன்டர்டேட்டா பொறிகளுக்குக் கொண்டு சென்றனர். பழைய பி.டி.பி.-11 பொறி இரண்டு பைட்டுகளில் சிறு மதிப்புடையதை முன்வைக்கும். புதிய பொறி பெருமதிப்புடையதை முன்வைக்கும். இதனால் யூனிக்ஸ் என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளும் இரண்டிரண்டாக இடம் மாறி ‘நக்ஸி’ என்று அச்சாயின என ஒரு கதை வழங்குகிறது. மொழி ஒன்றாயினும் பொறிகளின் பழக்கம் வேறு என்பதே அதன் கருத்து.

1980களில் சிக்கல் பெருகிற்று. சன், ஐ.பி.எம்., ஹியூலெட்-பேக்கார்ட் முதலிய நிறுவனங்கள் தத்தமக்கென யூனிக்ஸ் வகைகளை விற்றன. ஒன்றில் உள்ள வசதி மற்றொன்றில் இராது. இருந்தாலும் வேறு பெயரில் இருக்கும். நிரலாளர்கள், ‘இன்ன பொறியானால் இவ்வாறு செய்க’ என்று பெயர்களை அடுக்கி எழுதினர். புதிய பொறியொன்று வந்ததும் அந்தப் பட்டியல் பொய்த்தது.

1991 ஜூன் மாதத்தில் குனு திட்டத்தின் பல கருவிகளைப் பேணி வந்தவர் டேவிட் மெக்கென்சி. நிரலைப் பெறுவோர் தம் பொறிக்கு ஏற்றவாறு ஏறத்தாழ 20 தேர்வுகளைத் தாமே குறிக்க வேண்டியிருந்தது. அச்சுமையைக் குறைக்க அவர் எழுதிய சிறு சோதனை நிரலே ஆட்டோகான்ஃப் என்னும் கருவியாக வளர்ந்தது. லாரி வால் போன்றோர் முன்னரே இத்தகைய வழியில் சென்றிருந்தனர்.

அதன் முறை எளியது. புதிதாக வந்த மாணவனை ‘எந்தப் பள்ளியில் படித்தாய்?’ என்று கேட்டு மதிப்பிடும் ஆசிரியர் உண்டு. ஒரு கணக்கைக் கொடுத்துச் செய்யச் சொல்லும் ஆசிரியரும் உண்டு. ஆட்டோகான்ஃப் இரண்டாம் வகை. ஒரு வசதி உண்டா என்பதை அறிய, அதைப் பயன்படுத்தும் மிகச் சிறிய நிரலொன்றை எழுதிக் கம்பைலரிடம் கொடுக்கும். அது தேறினால் வசதி உண்டு; தேறாவிட்டால் மாற்று வழியைக் கைக்கொள்ளும். பொறியின் பெயர் முதன்மையன்று. அதன் திறனே முதன்மை. யூனிக்ஸ் மரபில் வாராத விண்டோஸிலும் மூல நிரலை எளிதாக ஆக்குவதற்கு, கிட்வேர் நிறுவனத்தார் 2000இல் சிமேக் என்னும் கருவியை வெளியிட்டனர்.

எனினும் நன்மையோடு ஓர் இடரும் வளர்ந்தது. சோதனை நிரல்கள் ஆயிரக்கணக்கான வரிகளாகப் பெருகின. அவற்றை முழுதும் படிப்பார் அரியர். 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளின் வெளியீடுகளில் கள்ள வாயில் ஒன்று கண்டறியப்பட்டது. அதனை உள்ளே கொண்டு சேர்த்த வரிகள் இத்தகைய ஆயத்த நிரல்களுக்கிடையே ஒளிந்திருந்தன. தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்று, விடாது ஆராய்ந்து, அதை உலகுக்கு அறிவித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர்.

அரை நொடி தானே என்று அவர் விட்டிருந்தால், எத்தனையோ கணிப்பொறிகள் பகைவர் கைக்கு எளிதாகியிருக்கும். பொறியைப் பெயரால் நம்பாமல் சோதித்தறிந்தவர்கள் நிரலைப் பொதுவாக்கினார்கள். அதே கண்ணோடு, சோதிக்கும் நிரலையும் ஒருவர் சோதித்தார். ஊருணி அனைவர்க்கும் உரியது. அதன் நீரைக் கவனித்துவரும் கடமையும் அனைவர்க்கும் உரியதே.